தோட்டா விசில்

அபுதாபி பக்கம் அல் ஐனில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் எனக்கு வேலை. சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கவேண்டும். ஊரில் யார் கேட்டாலும் செக்யூரிட்டி என்று சொல்லிவைத்திருந்தேன். கூடுகளைக் கழுவிக் காயவைத்து, வாய் விரிசல் விட்டதைத் தள்ளிவிட்டு, நல்லதை, தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வாங்கிய அறையின் வாசலில் கொடுப்பேன். அங்கே ஒரு வெள்ளைக்காரர் அவற்றில் மறுபடியும் வெடிமருந்து நிரப்புவார். தன் நாட்டில் இதை வீட்டிலேயே செய்வாராம். இங்கே வீட்டில் செய்தால் ஜெயில்தான் என்று சிரிப்பார். என்னை உள்ளே விடமாட்டார். மற்றபடி நாள் முழுக்க நானும் கூடுகளும்தான். தமிழில் பேச ஓர் ஆள் கிடையாது. கூடுகளைத் திட்டித் திட்டியே தமிழை மறக்காமல் வைத்திருந்தேன்.

ஒருநாள் சும்மா இருக்கமாட்டாமல் காலிக் கூட்டின் வாயில் ஊதிப் பார்த்தேன். விசில் போலக் கேட்டது. என் மகன் பிறந்ததிலிருந்து அவனை நான் நேரில் பார்த்ததில்லை. வீடியோ காலில் என் முகத்தைக் கண்டாலே ஓடிவிடுவான். அன்று விசில் ஊதியதும் திரும்பி ஓடிவந்தான். அதன் பிறகு ஊதினால்தான் நான் அப்பா.

லீவு கிடைத்ததும் அந்தக் கூட்டை மேனேஜரிடம் கேட்டேன். காலிதானே, எடுத்துக்கொள் என்று கையசைத்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் போனேன். அது தோட்டா என்பதே என் புத்தியில் உறைக்கவில்லை. எனக்கு அது பிள்ளையின் விளையாட்டுச் சாமான். சோதனையில் பிடித்த போலீஸ்காரருக்கு அது தோட்டாதான்; அவரைக் குறை சொல்ல முடியாது. ஊதிக் காட்டட்டுமா பாய் என்று அரைகுறை இந்தியில் கேட்டுக் காரியத்தை இன்னும் கெடுத்தேன். கிளப்பிலிருந்து ஆள் வந்து என்னை மீட்பதற்குள் விமானம் ஊரே போய்ச் சேர்ந்துவிட்டது. போனும் அப்போதுதான் கைக்கு வந்தது.

நான் கூப்பிட்டபோது மனைவி திருச்சி ஏர்போர்ட் வாசலில் நின்றிருந்தாள். இறங்கிய கூட்டமெல்லாம் கலைந்துவிட்டதாம். நடந்ததைச் சொன்னேன். பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

“தோள்ல தூங்குறான். அப்பா வருவாருன்னு சொல்லித்தானே கூட்டியாந்தேன். ட்ராலி தள்ளிக்கிட்டு வந்த ஆம்பளைங்க எல்லாரையும் அப்பா அப்பான்னு கூப்பிட்டான் இவன்.”

யாரும் திரும்பிப் பார்க்கவில்லையா என்றேன்.

“ஒருத்தர் மட்டும் தூக்கி முத்தம் குடுத்துட்டுப் போனாரு.”

அவரும் என்னைப் போல எங்கோ கிடந்துவிட்டு வந்தவராகத்தான் இருக்கும். இருந்தும், முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.