ஆம்பளை ஸ்டெப்

மெல்பர்னுக்கு வந்து ஐந்தாறு வருஷமாகியும், எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு கூசுகிறது. நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் அதுதான் மரியாதையாம். ராயபுரத்தில் அப்படிக் கூப்பிட்டிருந்தால் அம்மா வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். இங்கே "டோரீன், எழுந்திருங்க" என்று தினமும் கூப்பிடுவேன். டோரீன் எழுந்திருக்க மாட்டார்.

டோரீன் ஆங்கிலோ இந்தியர். ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, நான் படித்த அதே கான்வென்ட்டில் படித்தவர். இது தெரிந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரோ என்னை ஏற இறங்கப் பார்த்து, "எங்க காலத்துல அது நல்ல ஸ்கூல்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தமிழ் தெரியுமா என்றால், வேலைக்காரர்களிடம் பேச நாலு வார்த்தை தெரியுமாம். எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் நிலைமை மோசம். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து நடக்க மறுத்தார். வாக்கரைக் கண்டாலே, "அது கிழவிகள் தள்ளுறது" என்பார். வியாழக்கிழமைக்குள் நடந்து காட்டாவிட்டால் படுத்த படுக்கையானவர்களின் கட்டடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று பிசியோதெரபிஸ்ட் பையன் சொல்லிவிட்டான். அது ஊரின் மறுகோடி. பக்கத்து அறையில் இருக்கும் தன் தங்கையை டோரீன் அப்புறம் கிறிஸ்துமஸுக்குத்தான் பார்க்க முடியும்.

அவர் வாய் ஓயாமல் பேசியது டெபுடான்ட் பால் பற்றித்தான். ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்குகிறேன். பள்ளி முடிக்கும் பெண்கள் வெள்ளை கவுனும் முழங்கை வரை கையுறையும் போட்டு, பிஷப் முன்னால் முழங்கால் மடக்கி வணங்கிவிட்டு, ரயில்வே பையன்களோடு நடனமாடும் நாள். பெண் பெரியவளானதை ஊருக்குச் சொல்ல நாம் மைக்செட் கட்டுகிறோம், அவர்கள் பியானோ வாசித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு அந்தக் குடும்பங்கள் கப்பலேறின, பையன்களும் போனார்கள், பியானோவைக் கரையான் தின்றது. கன்னியாஸ்திரிகள் மட்டும் விடவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நான் பிளஸ் டூ படித்தபோது, மீன் ஏலக்காரர் மகளும் துறைமுகத் தொழிலாளி மகளும் டேப் ரிக்கார்டரைப் போட்டு வால்ட்ஸ் ஆடினோம். ஆண் வாடையே ஆகாது என்பதால் உயரமான பெண்களெல்லாம் ஆண்கள். எனக்கு அப்பாவின் யூனிஃபார்ம் பேண்ட், இடுப்பில் ஊக்கு. "பொண்ண இஸ்கூலுக்கு அனுப்பிச்சா ஆம்பளயாக்கி அனுப்புறாங்கோ" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இத்த எவனாச்சும் பாத்தா எவன்மே உன்ன கட்டிக்குவான்?" பெண்கள் பின்னோக்கி வைக்கும் ஸ்டெப் எனக்கு இன்றுவரை தெரியாது.

இதை டோரீனிடம் சொன்னேன். "பொண்ணும் பொண்ணுமா? அதுக்குப் பேர் டிரில்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. பள்ளியில் கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தபடி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, குனிந்து, மறு கையை நீட்டினேன். டோரீன் என் கையைப் பார்த்தார். மறுப்பது மரியாதையில்லை என்று அவருக்கும் அதே பள்ளி சொல்லிக்கொடுத்திருந்தது. எழுந்தார். நான் இடது காலை முன்னே வைக்க, அவர் வலது காலைப் பின்னே வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சந்தோஷத்தில் அவர் காலை மிதித்துவிட்டேன்.

"இன்னாமே, கண்ணு பொடனிலயா கீது? கால மிதிச்சிகினே வர்ற!"

"நாலு வார்த்தைதான் தெரியும்னீங்க?"

"இதான்மே அந்த நாலு."

மறுநாள் பிசியோ பையன் வந்தான். நாங்கள் நடந்து காட்டினோம். அவன் திகைத்துப்போய், "இவங்க பின்னால போறாங்களே" என்றான். "பெண்கள் அப்படித்தான் போவாங்க" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோயாளியைப் பார்த்தபடி பின்னால் நகர்வது அவன் வழக்கம். அவன் டோரீன் கையைப் பிடித்ததும் இருவரும் ஆளுக்கொரு திசையில் பின்வாங்கினார்கள். நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன். கடைசியில், துணைக்கு ஒருவர் இருந்தால் நடப்பார் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். டோரீன் எங்கேயும் போக வேண்டாம்.

தங்கையிடம் சொல்லப் புறப்பட்டோம். நான் போகிற பக்கம் பார்த்து நடந்தேன். அவர் என் தோளுக்கு மேலே, வந்த வழியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வந்துட்டமாமே?" என்று கேட்டார்.

"கதவு வந்துடுச்சி" என்றேன். ராயபுரத்தை விட்டு வந்துவிட்டோமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.