ஐந்து நட்சத்திரம்

கோந்து மணம் பட்டால் என் விரல்கள் தாமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நேற்று தபால் நிலையத்தில் யாரோ கோந்து டப்பாவைத் திறந்தார்கள். உறையை ஒட்டாமலேயே வெளியே வந்து சாரலில் நின்றேன்.

தென்காசியில் ஒரு பெண்பிள்ளைகள் காப்பகம். சனிக்கிழமைதோறும் அங்கே கதை சொல்லப் போவேன். சோப்புக்கும் ரிப்பனுக்கும் பிள்ளைகளுக்குள் ஓயாத சண்டை. அதற்காகச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன்: தன் பொருளை இன்னொருத்திக்குக் கொடுப்பவளுக்குத் தங்கக் காகிதத்தில் ஒரு நட்சத்திரம். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நான். எனக்கு அதில் கர்வம்கூட.

பிளஸ் ஒன் படிக்கிற ஒருத்தியின் வரிசை மட்டும் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. ஜூலையில் ஒரே வாரத்தில் நிறைந்தது. ரிப்பன், சோப்பு டப்பா, பாவாடை, ஜியாமெட்ரி பாக்ஸ், கடைசியில் செத்துப்போன அம்மா வாங்கித்தந்த பூப்போட்ட குடை. சனிக்கிழமை எல்லாரையும் கைதட்ட வைத்தேன்.

அன்று மத்தியானம் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம். அவள் குளிக்கவில்லை. ஐந்தருவிப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குடை கிடைத்த சின்னவள் ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

"டீச்சர், அக்கா பெட்டில ஒண்ணுமே இல்ல. நான் பாத்தேன்."

"ஏட்டி, உனக்கு அங்கன என்ன சோலி?" என்று விரட்டினேன்.

பெரியவள் அருவியைப் பார்த்தபடியே கேட்டாள். "பெட்டியயும் குடுத்துரட்டா, டீச்சர்?"

"குடு, குடு. அதுக்கு ரெண்டு ஸ்டார்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய்க் கழுவ? இத்தனை தண்ணீர் விழுகிற ஊரில்.

மறுநாள் காலை அவள் உயிரை விடத் துணிந்தாள். வார்டன் பார்த்துவிட்டதால் பிழைத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கேட்டார், "கொஞ்ச நாளா எதுவும் வித்தியாசமா இருந்தாளா?" ஐந்து நட்சத்திரம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. "நல்லாத்தான் இருந்தா" என்றேன். அடுத்த நாள் திரும்பிப் போய், அவள் தன் பொருளையெல்லாம் கொடுத்துத் தீர்த்ததைச் சொன்னேன். ஒரு நாள் பிந்தி. எல்லாமே எனக்கு ஒரு நாள் பிந்தித்தான்.

சார்ட்டைக் கிழித்தேன். கோந்து சுவரில் தங்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, சுரண்டையில் இருக்கும் அவள் சித்தி அவளைத் தன்னோடு அழைத்துப்போக வந்தாள். பஸ் ஸ்டாண்டில், சின்னவள் கொடுத்தனுப்பிய குடையை அவளிடம் நீட்டினேன்.

"எந்நேரம்னாலும் போன் போடு. நான் சிரிக்க மாட்டேன், கேப்பேன்."

அவள் குடையை விரித்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மடக்கினாள். பஸ் நகர்ந்தபோது ஜன்னலில் முகம்.

"இத இனி யாருக்கும் குடுக்க மாட்டேன், டீச்சர். நீங்க எத்தன ஸ்டார் ஒட்டுனாலும்."