பாம்புச் சட்டையை எரித்தது யார்?

ஊர் ஊராகக் கதை சேகரிப்பவனுக்குக் காதைவிட வயிறு கெட்டியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்துவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார்கள். கனமான டேப் ரெக்கார்டரைத் தோளில் சுமந்து திரிந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதல் சண்டை

எழுபதுகளின் கடைசி. பல நாடுகளிலும் வழங்கும் ‘மிருக மாப்பிள்ளை’ கதைகளை ஒப்பிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஆரணியில் பட்டு நெய்யும் ஏகாம்பரத்தின் மனைவி கமலம்மா, பாம்பு மாப்பிள்ளை கதை சொன்னார். பகலில் பாம்பு, ராத்திரியில் ராஜகுமாரன். அவன் கழற்றிப் போட்ட பாம்புச் சட்டையைப் பெண்டாட்டி எரித்துவிடுகிறாள்.

“எரிக்கல, ஒளிச்சு வெச்சா” என்றார் ஏகாம்பரம், தறியை நிறுத்திவிட்டு.

கமலம்மா திரும்பினார். “உன் சட்டை எங்க இருக்குதுன்னே தினம் என்னைக் கேட்டுகினு இருக்கற, பாம்புச் சட்டையைப் பத்திப் பேச வந்துட்ட!”

சீமைத் தவளை

பதிலுக்கு என்னிடமும் ஒரு கதை கேட்டார்கள். ஐரோப்பாவில் ஒரு ராஜகுமாரி முத்தம் கொடுத்ததும் தவளை அழகான இளைஞனாக மாறியதைச் சொன்னேன். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மகள் வள்ளிக்கு இரண்டு வருஷமாக வரன் தேடி அலுத்திருந்த கமலம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அந்த ஊர்ல பொண்ணப் பெத்தவங்களுக்கு என்ன சார் கவலை? ஒரு மழை பெஞ்சா போதுமே!”

பெண் பார்க்க வந்தவர்கள்

கதையின் மிச்சத்தைப் பதிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். உள்ளே சேத்துப்பட்டிலிருந்து வள்ளியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். என் தோளில் இருந்த டேப் ரெக்கார்டரைப் பார்த்ததும் பையனின் அம்மா எழுந்துவிட்டார். “பேசறத எல்லாம் புடிச்சு வெச்சிகினு நாளைக்குப் பஞ்சாயத்துல போடுவீங்களா?”

கமலம்மாவின் முகம் வெளுத்தது. கெடுத்தேன் ஒரு கல்யாணத்தை என்று நினைத்தேன். அவசரமாகக் கேசட்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, நான் வந்தது பாம்பு மாப்பிள்ளை கதைக்காக என்று உளறினேன். பெண் பார்க்கும் நாளில் சொல்லக்கூடிய பெயரா அது?

ஆனால் அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். “அதுவா? பொண்டாட்டி எங்க எரிச்சா? மாமியார்தான் எரிச்சா. மெஷினைப் போடுங்க, நான் சொல்றேன்.”

கதவுக்குப் பின்னாலிருந்து வள்ளியின் குரல் வந்தது: “அப்படின்னா அடுப்பு வேலை அத்தையே பாத்துக்கட்டும்!”

‘அத்தை’ என்ற அந்த ஒரு வார்த்தையில் தாம்பூலம் மாறிவிட்டது.

ஒரே கதை வீட்டுக்கு வீடு மாறுவதற்கு நம் துறையில் என்னென்னவோ காரணம் எழுதுகிறோம். எனக்குத் தெரிந்தவரை, ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.