இருட்டறையில் ஸ்பூன் சத்தம்

என் மனைவிக்குக் கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருடமாகியிருந்தது. வீட்டில் சாப்பிடுவாள்; வெளியில் மாட்டாள். ஸ்பூன் தட்டில் தாளம் போட, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். கல்யாண விருந்துகளில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, செகந்திராபாத் மாரெட்பள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் ரசம் சாதம் பிசைந்துகொள்வாள். டாக்டர் நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். வெட்கத்துக்கு அவரிடம் எதுவும் இல்லை.

மாதாப்பூரில் வேலை பார்த்த எங்கள் மகள்தான் அந்த உணவகத்தைக் கண்டுபிடித்தாள். கும்மிருட்டில் சாப்பாடு, பரிமாறுகிறவர்கள் எல்லோரும் பார்வையற்றவர்கள். "அங்க யாரும் யாரையும் பாக்க முடியாதும்மா" என்றாள். மறுக்க என் மனைவி இரண்டு நாள் காரணம் தேடினாள், கிடைக்கவில்லை.

நான் ரயில்வேயின் பாதுகாப்புப் பிரிவில் விதிகளைப் படித்து, எழுதி, மற்றவர்கள் தலையில் கட்டி ஓய்வு பெற்றவன். உணவகத்தின் வாசலில் ஒட்டியிருந்த விதிகளை அன்று முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். கைபேசி, டார்ச், வெளிச்சம் தரும் எதுவும் லாக்கருக்குள். அவசர வழி எங்கே என்று விசாரித்தேன்.

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் மகள்.

எங்கள் பரிசாரகர் செகந்திராபாத்காரர். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உள்ளே போனோம். அவர் இன்ஜின், நடுவில் தாயும் மகளும், கடைசியில் கார்டாக நான். உட்கார்ந்ததும் மேஜை மேல் பச்சையாக ஏதோ மினுங்கியது.

"அரே, லைட் கௌன் லாயா?" என்று பக்கத்து மேஜையில் ஒருவர், வெளிச்சம் கொண்டுவந்தது யாரென்று இந்தியில் கத்தினார்.

என் ரேடியம் கைக்கடிகாரம். பரிசாரகர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். மகள் சிரித்த சிரிப்பை இங்கே எழுதப் போவதில்லை.

வழக்கம்போல் ஜெபம் செய்தோம். அந்த இருட்டிலும் கண்ணை மூடிக்கொண்டுதான்.

சூப் வந்தது. மனைவியின் ஸ்பூன் கிண்ணத்தில் டகடகவென்று அடித்தது. உடனே நின்றது. இருட்டு கையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது என்பது எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவள் ஸ்பூனைக் கீழே வைத்தது கேட்டது.

அப்போது பக்கத்து மேஜையில் டங்கென்று ஒன்று விழுந்தது. எதிரே ஒரு டம்ளர் உருண்டது. கிண்ணம் எங்கே, வாய் எங்கே என்று தெரியாமல் ஆளாளுக்குத் தட்டத் தட்ட, அந்த அறை கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் இடம்போல ஆகிவிட்டது. என் பங்குக்கு நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

"எல்லார் கிண்ணமும் என்னுது மாதிரில்லா சத்தம் போடுது!" என்றாள் மனைவி.

"ஹவ், ஆமா ஆன்ட்டி. இங்க சிந்தாம சாப்பிடுற ஆளு நான் ஒருத்தன்தான்" என்றார் பரிசாரகர்.

"அப்ப எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அதன்பின் அவள் ஸ்பூன் நிற்கவேயில்லை. நான் ஆட்டுக்கறி என்று தீர்ப்புச் சொன்னதை அவள் காளான் என்றாள். காளான்தான்.

வெளிச்சத்துக்கு வந்தபோது என் வெள்ளைச் சட்டையில் காலர் முதல் பாக்கெட் வரை குழம்பு. அவள் புடவையில் இரண்டே சொட்டு. அவள் நேராக எதிர்க் கடைக்குப் போய், கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் கேட்டாள். ஸ்பூன் டகடகத்தது. இரண்டு பேர் திரும்பினார்கள்.

"அம்மா, பரவால்லையா?" என்று மகள் மெல்லக் கேட்டாள்.

"இந்தச் சட்டையோட உங்கப்பா பக்கத்துல இருக்கையில, என்னைய யாரு பாக்கப் போறாங்க?"

கறையைத் துடைக்க எடுத்த காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் கிண்ணத்தை வழித்துத் தின்றாள்.