லூர்து அண்ணன் குறைக்கச் சொன்ன பவர்

எஞ்சின் டியூனிங் தொழிலில் காரைப் புரிந்துகொள்ள ஒரு லேப்டாப் போதும். காரோடு சேர்ந்து வருகிற குடும்பத்தைப் புரிந்துகொள்ள இன்னும் ஒரு மெஷினும் வரவில்லை. நீங்கள் டெய்லராக இருக்கலாம், பல் டாக்டராக இருக்கலாம், வீடு கட்டுகிற மேஸ்திரியாக இருக்கலாம். வேலை கொடுத்தவர் ஒருத்தர், கட்டளை போடுகிறவர் இன்னொருத்தர் என்று நீங்களும் நடுவில் நின்று முழித்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு கார் கம்பெனியில் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு செட்டிங் போடுகிற வேலை பார்த்தவன் நான். அதை விட்டுவிட்டு, மரக்காணத்துக்குத் தெற்கே, ஈசிஆர் ஓரமாக, பின்பக்கம் உப்பளம் இருக்கிற ஒரு இடத்தில் ஷெட் போட்டிருந்தேன்.

ஓட்டுறவர் யாரு?

ஒரு திங்கட்கிழமை காலையில் நீல நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நின்றது. ரெண்டே கதவு, தரையை ஒட்டின உடம்பு. இறங்கியது ஐம்பது வயதைத் தாண்டின ஒரு அம்மா. காட்டன் புடவை, கண்ணாடி, கையில் சாவி. பேர் ஜோசபின். மஸ்கட்டில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை. தம்பியைப் படிக்கவைத்து, தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து, தனக்கு மட்டும் செய்துகொள்ளாமல் விட்டவர். ஊருக்குத் திரும்பி வந்து தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கினது இந்தப் பழைய காரைத்தான்.

"பாக்குறவன்லாம் டியூன் பண்ணுன்றான். பண்ணணுமா, வேணாமா?" என்று கேட்டார். நான் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஓட்டுறவரு வந்துட்டார்னா அவரையும் கேட்டுட்டு சொல்றேம்மா" என்றேன். எத்தனை வருஷ அனுபவம், பாருங்கள்! அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, பின்னாடி யாரும் வரல. வண்டி என்னுது, காலு என்னுது, மிதிக்கிறதும் நான்தான். என்கிட்ட பேசு."

ஒரு நொடி

பேசினேன். டியூன் என்றால் எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் போய், பெட்ரோல் எவ்வளவு, காற்று எவ்வளவு என்கிற கணக்கை மாற்றி எழுதுவது. பவர் ஏறும், கூடவே சூடும் ஏறும், கிளட்ச் சீக்கிரம் தேயும். "உங்களுக்கு என்ன குறை, சிஸ்டர்?" என்றேன். லாரியை முந்தும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது என்றார்.

ஒரு வாரம் ஓட்டட்டும், எஞ்சின் செய்கிறதையெல்லாம் பதிவு செய்கிற சின்னக் கருவி ஒன்றை மாட்டிவிடுகிறேன், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். வழக்கமாக இந்த இடத்தில்தான் வாடிக்கையாளர் வேறு ஷெட்டைத் தேடிப் போவார். சிஸ்டர் தலையை ஆட்டினார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? டெஸ்ட் எடுக்காம ஊசி போடுறவங்கள என் வார்டுல நான் நிக்க விட்டதே இல்ல."

ரகசிய வேலை

மூன்றாம் நாள் லூர்து அண்ணன் வந்தார். சிஸ்டருடைய தம்பி. அதைவிட முக்கியம், என் ஷெட் நின்ற இடமே அவருடையது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பவர பாதியா குறைச்சு விட்டுடு. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

பயத்தில் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். "சர்ச்ல பூசை முடிஞ்சு வெளிய வந்தா எல்லாரும் அந்தக் காரத்தான் பாக்குறான். இந்த வயசுல இது தேவையான்னு என்னைக் கேக்குறான்பா. இழுக்கலன்னா அக்காவே வித்துடும்" என்றபோதுதான் விஷயம் புரிந்தது.

"அண்ணா, வண்டி எவ்ளோ இழுக்கும்னு அவங்க காலுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையிலதான் லாரிய முந்துவாங்க. நான் சொல்லாம குறைச்சுட்டா, பாதி முந்தும்போது வண்டி வராது, எதிர்ல பஸ் வரும். நான் செய்ய மாட்டேன்" என்றேன். எழுந்து நின்று ஷெட்டின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்பா, நீ நிக்கிற எடம் யாருதுன்னு மறந்துட்டுப் பேசுறியா?"

கோபத்துக்கு டியூன் இல்லை

அடுத்த திங்கட்கிழமை சிஸ்டர் வந்தார். லூர்து அண்ணன் கேட்டதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. ஆனால் கார் அவருடையது, அதை யார் என்ன செய்யச் சொன்னார்கள் என்பது அவருக்குத் தெரியத்தானே வேண்டும்? சொல்லிவிட்டேன். முகம் சிவந்துபோய், கார்க் கதவை அறைந்து சாத்தினார்.

"ஏத்து. எவ்ளோ ஏறுமோ அவ்ளோ ஏத்து. இன்னைக்கே."

"மாட்டேன் சிஸ்டர்."

"நீயுமா?"

"லூர்து அண்ணன் மேல இருக்கிற கோவத்த எஞ்சின்ல ஏத்த முடியாது. மொதல்ல டெஸ்ட்டப் பாருங்க" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அவர் முழுசாக மிதித்த நேரத்திலும், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ள வேண்டிய டர்போவின் அழுத்தம் பாதி வழியிலேயே நின்றுபோயிருந்தது. பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தேன். காற்றுக் குழாயைப் பிடித்திருந்த கிளிப் உப்புக் காற்றில் துருப்பிடித்து விரிந்துபோய், குழாய் வாயிலும் ஒரு கீறல். அந்த வழியாகத்தான் காற்று சீறி வெளியே போய்க்கொண்டிருந்தது. குழாயையும் கிளிப்பையும் மாற்றினேன். லேப்டாப்பில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

பிறகு அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் ஒரு உப்பு லாரி. ரோடு காலியாகிற வரைக்கும் பொறுமையாக இருந்து, மிதித்தார். அந்த ஒரு நொடி யோசனை இல்லை. வண்டி அப்படியே கிளம்பியது. அனுமந்தை வரைக்கும் சிஸ்டர் அதே வேகத்தில் ஓட்டினார். ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார், கண்ணும் கலங்கியிருந்தது.

"குடுக்க வேண்டியதையே இத்தினி நாளா இது முழுசா குடுக்கல. இதுக்கு மேல என்னாத்துக்கு தம்பி ஏத்தணும்?"

கூனிமேட்டுக் கேள்வி

லூர்து அண்ணன் திரும்பவும் வந்தார். "குறைச்சிட்டியா?" என்றார். "இல்லண்ணா, முன்னைவிட நல்லா ஓடுது" என்றேன். மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னார். தம்பியிடம் பேசுகிறேன் என்று சிஸ்டர் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டேன். கெஞ்சி வாங்கின இடத்தில் நின்றால் அடுத்த ரகசிய வேலையை மறுக்க எனக்கு வாய் வராது. ஒரு மினி லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு, கூனிமேட்டில் சலீம் பாயின் ஐஸ் கடைக்குப் பின்னால் ஷெட் போட்டேன்.

லூர்து அண்ணன் இப்போது கண் டாக்டரைப் பார்க்க அக்காவின் காரில்தான் புதுச்சேரிக்குப் போகிறார். கைப்பிடியைவிட்டுக் கையை எடுப்பதில்லை என்று சிஸ்டரே சொன்னார். என் புது ஷெட்டுக்கு சர்வீசுக்கு வந்த முதல் வண்டியும் அந்த நீலக் கார்தான். சத்தத்தைக் கேட்டு வெளியே வந்த சலீம் பாய், "மாஷா அல்லாஹ்! என்னா டியூன் மேடம் இது?" என்றார். சிஸ்டர் சாவியை என் கையில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஸ்டாக் வண்டி பாய். கம்பெனி குடுத்தது அப்படியே இருக்கு. கை வெக்க வந்தவங்களத் திருப்பி அனுப்பியாச்சு."

பவரை ஏற்றுவதும் குறைப்பதும் அரை மணி நேர வேலை. அது யாருடைய பவர் என்பதைப் புரியவைக்கத்தான் இந்தத் தொழிலில் ஒரு ஷெட்டே போய்விடுகிறது.