பரண்லேர்ந்து இறக்கின கறிச்சட்டி

...எதுத்த வீட்டுக்காரன், புரோட்டாக் கடையில உட்கார்ந்து சால்னா ஊத்தித் தின்னுக்கிட்டு இருந்தானாம், சத்திரம் பஸ் ஸ்டாண்டுல. அதுவும் புரட்டாசி பொறந்து மூணாவது நாளு. பார்த்தது யாருங்கிற, பொண்டாட்டியோட தம்பி. "என்ன மாமா, பெருமாளுக்கு ஆம்லெட்டா?"ன்னு கேட்டிருக்கான். இவன் கைகூட கழுவாம எழுந்திரிச்சு, நின்னுக்கிட்டிருந்த லால்குடி பஸ்ஸுல ஏறிட்டானாம். லால்குடியில அவனுக்கு யாரு இருக்கா? ஒருத்தரும் இல்ல.

சிரிக்காதம்மா. உன் வீட்டுக்காரரும் தினம் கவுச்சி கேக்குற ஆளு, இந்த மாசம் முழுக்க என்னத்த ஆக்கிப் போடுறதுன்னுதானே வந்து நிக்கிற? உட்காரு. அந்த முறத்த இப்படித் தள்ளு. எனக்கு எழுதிக் குடுக்கத் தெரியாது, கையெழுத்துக்கே கட்டைவிரல்தான். வாயால சொல்றேன், கேட்டுக்க.

வாழைக்காய மீன் துண்டு மாதிரி சாய்வா சீவு. ரொம்ப மெல்லிசா சீவிறாத, அப்புறம் சிப்ஸு ஆயிடும். மொளகாப்பொடி, மஞ்சப்பொடி, புளிக்கரைச்சல், தட்டின சோம்பு, பூண்டு, எல்லாத்தையும் தடவி ஊற வச்சு தோசைக்கல்லுல போடு. மீன் வாசத்துல பாதி மீன்ல இல்லம்மா, அந்தத் தடவல்ல இருக்கு. குழம்புக்கு சேனைக்கிழங்க கறித்துண்டு அளவுக்கு வெட்டி, எண்ணெயில முறுக வறுத்துப் போடு. கூடவே முருங்கைக்கா. அத மட்டும் மறந்துடாத. கறி தின்னு பழகின ஆம்பளைக்கு எதையாவது கடிச்சு, உறிஞ்சித் துப்பினாத்தான் சாப்பிட்ட மாதிரி. எலும்பு இல்லாத குறைய முருங்கைக்காதான் தீர்க்கும்.

இதெல்லாம் நான் ஒரு மனுசனுக்கு வருஷம் பூரா ஆக்கிப் போட்டுக் கத்துக்கிட்டது. அதுலயே ஒரு பாவமும் பண்ணினேன். சொல்றேன் இரு, அவசரப்படாத.

நயா பைசா வந்து ஒண்ணு ரெண்டு வருஷம் இருக்கும். தென்னூர்ல ஓட்டு வீடு எங்களுக்கு. எங்க வீட்டுக்காரரு மாட்டு வண்டி வச்சிருந்தாரு. ஸ்ரீரங்கத்துப் பக்கம் தோப்புகள்ல வாழைத்தார் ஏத்திக்கிட்டு, காவேரிப் பாலம் தாண்டி மண்டிக்குக் கொண்டாருவாரு. தினம் கவுச்சி வேணும் அவருக்கு. ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி, திங்கக்கிழமை மிச்சத்த சுண்ட வச்சது, அப்புறம் தலை, குடல்னு எது கிடைக்குதோ அது. ஆத்துல தண்ணி வந்தா கெண்டை, கெளுத்தி. ஒண்ணுமே இல்லன்னா கருவாடு. செவ்வா வெள்ளியெல்லாம் அவரு நாக்குக்குத் தெரியாது. கவுச்சி இல்லாத சோத்தத் தின்னா, "கழுவுறதுக்கு கையில என்ன இருக்கு?"ன்னு வேட்டியில தொடச்சுக்கிட்டுப் போவாரு.

அப்பதான் ரெண்டாவது பொண்ணுக்கு ஜுரம் வந்தது. அஞ்சு வயசு. இருபத்தோரு நாள் இறங்கவே இல்ல. பெரியாஸ்பத்திரியில சேர்த்தோம். டாக்டர் நாடியப் பிடிச்சுப் பார்த்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாரு. இவரு வெளியில போயி, சமயபுரம் இருக்குற திக்கப் பார்த்து நின்னாரு. நானும் பின்னாடியே போயி நின்னேன். "ஆத்தா, புள்ளையத் திருப்பிக் குடு. அடுத்த வருஷம் உனக்குப் பூச்சொரியிற நாள் வரைக்கும் கவுச்சிய கையால தொடமாட்டேன்"னாரு. மூணாம் நாள் புள்ள கண்ணத் தொறந்து இட்டிலி கேட்டுச்சு.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா கறிச்சட்டிய எடுத்தேன். எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்த மண்சட்டி அது. பன்னெண்டு வருஷம் கறி வெந்த சட்டி. வெறும் தண்ணி ஊத்தி அடுப்புல வச்சாக்கூட மேல எண்ணெய் மினுக்கும். சாம்பல் போட்டுத் தேய்ச்சு, சீயக்கா போட்டுத் தேய்ச்சு, துணியில கட்டி பரண்ல ஏத்தினேன். ஆளு விரதம்னா சட்டியும் விரதம்தானே.

மொத மாசம் ஓடிருச்சு, புள்ள பொழைச்ச சந்தோஷத்துல. அப்புறம் மனுசன் வாடிட்டாரு. பரங்கிக்கா வச்சா ஒரு வாய், கீரை வச்சா ரெண்டு வாய். ஸ்ரீரங்கத்துல ஒரு மாமி வீட்டுக்கு வாழையிலை போட வண்டியில கூடவே போவேன். அந்த மாமி வாசல்ல நின்னுக்கிட்டே, "ஏன்டி, உங்காத்துக்காரர் இப்படி இளைச்சுப் போயிட்டாரே. வாழைத்தண்டு கறியமுது பண்ணிப் போடேன், தேங்காய நிறையத் துருவி"ன்னாங்க. பொரியலத்தான் அவங்க அப்படிச் சொல்வாங்க. பண்ணினேன். சாப்பிட்டுட்டு, "கோயில்ல வரிசையில நின்னு வாங்கினா இது நல்லாத்தான் இருக்கும். தார் தூக்குறவனுக்கு ஆகாது"ன்னுட்டாரு.

கை குடுத்தது பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா. அவங்க வீட்டுக்காரருக்குப் பூட்டு ரிப்பேர் கடை. நான் புலம்பினதக் கேட்டுட்டு, "அடி கிறுக்கு, கறிக்கு ஏது புள்ள ருசி? வெறுங்கறிய அவிச்சுத் தின்னு பாரு, துணி மாதிரி இருக்கும். ருசி மசாலாவுல. ஒரு நாள் கறி கிடைக்கலன்னு பலாப்பிஞ்சப் போட்டு ஆணம் வச்சேன். எங்க வீட்டுல தின்னுட்டு ஈர்க்குச்சி எடுத்துப் பல்லு குத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க"ன்னாங்க. குழம்பத்தான் ஆணம்பாங்க. சொல்லிட்டு பட்டை, கிராம்பு, கசகசா எல்லாம் அவங்களே அரைச்சு, சுவத்துக்கு மேல கிண்ணத்த நீட்டினாங்க.

அன்னிலேர்ந்து எனக்கு இது ஒரு வெறியாப் போச்சும்மா. வாழைக்கா மீன், சேனைக் கறி, எல்லாம் அப்ப பிடிச்சதுதான். ஒவ்வொண்ணா வைப்பேன், அவரு மொகத்தப் பார்ப்பேன். ஒரு வாய் கூட இறங்கினா எனக்கு அன்னிக்கு தீவாளி.

ஆடி மாசம். வண்டியில ஏற மூணு தடவை எம்பினாரு, நான் வாசல்லேர்ந்து பார்த்தேன். அன்னிக்கு தோப்புலேர்ந்து வாழைப்பூ ரெண்டு கொண்டாந்திருந்தாரு. அதுல கோலா உருண்டை போடுவோம்னு உட்கார்ந்தேன். பூவுக்குள்ள வேகாம நிக்கிற கள்ளன் நரம்ப எடுத்து, மோர்ல போட்டு, வேக வச்சுப் பிழிஞ்சு, பொட்டுக்கடலை, தேங்கா, சின்ன வெங்காயம், அக்கா குடுத்த மசாலா, எல்லாத்தையும் அம்மியில வச்சு அரைச்சேன். உருட்டி, உதிராம இருக்க வாழைநார் சுத்தி, எண்ணெயில போட்டேன். கருகருன்னு கறிக்கோலா மாதிரியே வந்துச்சு. பார்வைக்கு சரி, வாயில போட்டாலும் சரி. மோந்தா மட்டும் என்னமோ குறைஞ்சுது.

அப்பத்தான் என் கண்ணு பரணுக்குப் போச்சு.

சட்டிதானே, சட்டிக்குள்ள கறியா இருக்கு, தேய்ச்சுக் கழுவினதுதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எறக்கினேன். குழம்பக் கூட்டி அதுல ஊத்தி, உருண்டையெல்லாம் போட்டு, சின்னத் தீயில வச்சேன். அஞ்சு நிமிசத்துல வந்துச்சும்மா அந்த வாசம். தெரு முழுக்க ஞாயித்துக்கிழமை ஆன மாதிரி. ஓரத்துல மினுமினுன்னு எண்ணெய் கட்டிச்சு. அது நான் ஊத்தின எண்ணெய் இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கரண்டியப் போட்டுக் கலக்கி விட்டேன்.

அவரு வந்து உட்கார்ந்தாரு. ஒரு உருண்டையப் புட்டு வாயில வச்சாரு. மெல்லுறது நின்னுருச்சு. என்னைப் பார்த்தாரு. வாசக்கதவப் பார்த்தாரு. "புள்ளைங்க சாப்பிட்டாச்சா?"ன்னாரு. "ஆச்சுங்க"ன்னேன். குனிஞ்சு தின்ன ஆரம்பிச்சாரு. ஒன்பது உருண்டை. நான் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்கிறேன், எத்தனை மாசம் கழிச்சு ஒரு ஆளு ஏமாந்து ஆசையாத் தின்னுதுன்னு. எழுந்திரிச்சுப் போயி சீயக்கா போட்டுக் கை கழுவினாரு.

அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. அக்காகிட்டதான் சொன்னேன். அவங்க, "ஜெயிச்சுட்ட புள்ள"ன்னாங்க. ரெண்டு பேரும் சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு சிரிச்சோம். சட்டி சேதிய அவங்ககிட்டயும் சொல்லல. அவருகிட்ட நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ரகசியத்த முறுக்கு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள அவரு மாறிட்டாரு. மசாலா வாசம் வந்தாலே, "எனக்குக் கஞ்சி போதும்"பாரு. வயித்துக்கு ஆகலயோன்னு நான் சீரகத்தண்ணி போட்டுக் குடுக்குறேன். பாரு என் புத்திய.

ஐப்பசியில மழை பிடிச்சுது. புள்ளைக்கு இருமல். ஊருக்கே வந்த இருமல்தான். ஆனா இவரு அடுப்படியில வந்து சுவத்துல சாஞ்சு உட்கார்ந்துட்டாரு.

"நான்தான் பண்ணினேன்"னாரு.

"என்னங்க பண்ணினீங்க?"

"ஆடியில நீ கறி ஆக்கிப் போட்டல்ல. நான் இளைச்சுட்டேன்னு பாவப்பட்டுப் போட்ட. உன்மேல குத்தம் இல்ல. எனக்கு வாயில வச்சதுமே தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஒன்பது தின்னேன்."

"ஐயோ, அது கறி இல்லங்க. வாழைப்பூ."

"என்னைத் தேத்தாத புள்ள."

"சத்தியமா வாழைப்பூங்க. நீங்க கொண்டாந்த பூதான்."

நம்பல. சரின்னு மறுநாள் அவரு கண்ணு முன்னாடியே பூவ ஆஞ்சேன். அவரும் பக்கத்துல உட்கார்ந்து கள்ளன் எடுத்துக் குடுத்தாரு. அதே மசாலா, அதே நார். குழம்ப மட்டும் அலுமினியச் சட்டியில வச்சேன். அவரு பார்த்துக்கிட்டு இருக்கையில பரண்ல எப்படிக் கை வைப்பேன்? ஒண்ணு தின்னாரு. இன்னொண்ணு தின்னாரு. ரொம்ப நேரம் மென்னாரு.

"நல்லாத்தான் இருக்கு. அன்னிக்குத் தின்னது இது இல்ல"ன்னாரு. தட்டத் தள்ளி வச்சுட்டு, "சரி, பூவாவே இருக்கட்டும். நான் கறின்னு நெனச்சுத்தானே தின்னேன்"னாரு.

அவரு நாக்கு பொய் சொல்லல, எனக்குத் தெரியும். சட்டின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அவரு மேல இருந்த பாரம் பாதி இறங்கி என் தலைக்கு வந்திருக்கும். ஆனா சொன்னா, நேர்த்தி நிஜமாவே கெட்டுப் போச்சுன்னு ஆயிடும். பக்கத்துல புள்ள இருமிக்கிட்டுக் கிடக்குது. வாய் வரைக்கும் வந்தத முழுங்கிட்டேன். புள்ளைக்காகன்னுதான் இத்தனை வருஷமா சொல்லிக்கிறேன். எனக்கு பயம்மா, அதான் நிஜம். அவரு என்னைப் பார்க்குற பார்வை மாறிடுமேன்னு பயம்.

மறுநாள் விடியக்காலையில செருப்பில்லாம சமயபுரத்துக்கு நடந்து போயிட்டு வந்தாரு. "இனிமே சாகுற வரைக்கும் தொடமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்"னாரு. சாதாரணமா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுங்கிற மாதிரி. புள்ளைக்கு ஆடாதொடைக் கஷாயத்துல நாலு நாள்ல இருமல் போச்சு. இவரு கஷாயத்தையா நம்பினாரு? நான் அந்த வாரமே சட்டியக் கொண்டு போயி ஆத்துல விட்டேன்.

அப்புறம் இருபத்தெட்டு வருஷம் இருந்தாரு. ஒரு கருவாட்டுத் துண்டு தொடல. கல்யாண வீட்டுல பிரியாணி வாசத்துல உட்கார்ந்து தயிர்சோறு தின்னுட்டு வருவாரு. நான் யோக்கியம்னு நினைக்காத. பக்ரீதுக்கு அக்கா வீட்டுக்குப் பின்பக்கமாப் போயி ரெண்டு துண்டு தின்னுட்டு வெத்தலை போட்டுக்கிட்டு வருவேன். அவருக்கு வாசம் தெரியாமலா இருக்கும்? ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நான் வச்ச வாழைக்கா மீன, "உன் கை யாருக்கும் வராது"ன்னு சொல்லிச் சொல்லித் தின்னாரு. அதக் கேக்குறப்பல்லாம் எனக்குப் பெருமையாவும் இருக்கும், தொண்டையில முள்ளு மாட்டின மாதிரியும் இருக்கும்.

வர்ற வியாழக்கிழமை அவருக்குத் தெவசம். ஜுரத்துல கிடந்தவ இருக்காளே, இப்ப அவளே பாட்டி, அவ சொல்றா: "அப்பாவுக்கு உசுரே கறிக்கோலாதானேம்மா. இந்த வருஷம் அதையே வச்சுப் படைப்போம். செத்தவங்களுக்கு ஏது நேர்த்தி, ஏது புரட்டாசி? நான் அரைச்சுக் கொண்டாரேன்." வேண்டாம்னா ஏன்னு கேப்பா. ஏன்னு சொல்லணும்னா சட்டியச் சொல்லணும். அவ உசுருக்குப் பிடிச்ச நேர்த்திய அவ அம்மாதான் கெடுத்தான்னு இந்த வயசுல அவகிட்ட எப்படிச் சொல்றது? சொல்லாம கறிய வச்சுப் படைச்சா, அந்த மனுசனுக்கு ரெண்டாவது தடவையும் நான் துரோகம் பண்ணின மாதிரி. உன்கிட்ட சொல்ல முடிஞ்சுது பாரு, அவகிட்ட வாயே வரமாட்டேங்குது. நீயா இருந்தா என்ன பண்ணுவ? நெசமாத்தான் கேக்குறேன், நல்லா யோசிச்சு...

இரு இரு, குழாயில தண்ணி வந்துருச்சு. அந்தக் குடத்த எடும்மா, பத்து நிமிசத்துல நின்னுரும்.