ஜன்னல் விளிம்பில் ஒரு குளவி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைப்பதுதான் அவருக்கு வேலை. ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி செய்கிறவர், ஒருத்தர் கண்ணையும் நேராகப் பார்க்க மாட்டார். கடையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. நாற்பதை நெருங்கும்போதுதான் ஒரு மருத்துவர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். பெயர் தெரிந்துவிட்டதால் அரைக்கும் மெஷினின் கீச்சொலி குறைந்துவிடுமா என்ன? வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் அது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

கேமராவை எடுத்தால்தான் அது அடங்கும். கடைக்குப் பின்னால் உள்ள சந்தில், ஒரு வீட்டு ஜன்னல் விளிம்பில், குளவி ஒன்று மண்கூடு கட்டிக்கொண்டிருந்தது. ஈரமண்ணைக் கவ்விக்கொண்டு வரும், தடவும், போகும். அது தடவும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் உலகத்தில் சத்தமே கிடையாது.

"டேய்! யார் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்குற?"

திரும்பினார். வீட்டுக்காரர் பின்னால் நின்றிருந்தார். மாடியிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள், ஒரு பைக் நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

இப்படி ஒரு நாள் வரும் என்று அக்காவுக்கு எப்போதுமே பயம். "யாராவது அதட்டிக் கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுடா. கண்ணைப் பாத்துச் சொல்லு, அப்பத்தான் நம்புவாங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்டால் உள்ளதைச் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் வராது.

"இந்த ஜன்னலைப் படம் எடுத்தியா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"தினமும்."

"உள்ள கொழந்தை தூங்குதுன்னு தெரியுமா?"

"தெரியும். அழற சத்தம் கேக்கும்."

அவ்வளவுதான், கூட்டம் கொதித்துவிட்டது. "மூஞ்சியப் பாத்துப் பேசுறானா பாருங்க, திருட்டு முழி!" "போலீஸைக் கூப்பிடுங்க!" யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். தொட்ட இடம் நெருப்பாய் எரிந்தது. இன்னொரு கை கேமராவை இழுத்தது. கேமரா போய்விட்டால் அந்தக் கீச்சொலியிலிருந்து இனி ஆயுசுக்கும் தப்ப முடியாது என்று தோன்றியது. பட்டனை அழுத்திப் படங்களைக் காட்டினார்.

வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். குளவி. மறுபடியும் குளவி. பாதிக் கூடு, முக்கால் கூடு. ஒரு மனித முகம்கூட இல்லை.

"அட, பூச்சியையா எடுத்துட்டிருந்தீங்க? மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்று சிரித்தார். பிடித்த கை விட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்காரரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "இது எங்க இருக்கு?" என்றாள்.

கேட்டதும் அவர் விரல் நீட்டிக் காட்டிவிட்டார்.

"ஐயையோ, கொழந்தை தலைமாட்டுலயா?" என்று உள்ளே ஓடித் துடைப்பத்தோடு வந்தாள். பெற்றவள், அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது! சும்மா இருந்தால் இந்தக் குளவி கொட்டாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரே தட்டுதான், கூடு விழுந்து உடைந்தது. கொஞ்ச நேரத்தில் குளவி மண்ணோடு திரும்பி வந்து, வெறும் விளிம்பையே சுற்றிச் சுற்றிப் பறந்தது. நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சந்துப் பக்கம் பிறகு அவர் போகவில்லை. ஒரு மாதம் கழித்துப் பூங்காவில், உடைந்த பெஞ்சின் அடியில் இன்னொரு கூடு கண்ணில் பட்டது. குனிந்து கேமராவைச் சரிசெய்யும்போது காவலாளியின் பூட்ஸ் பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன சார் அடியில? ஏதாவது இருக்கா?"

எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு மனிதரின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல."

காவலாளி தலையாட்டிவிட்டு நகர்ந்தார். கை நடுங்கியதில் அன்றைக்கு ஒரு படம்கூடத் தெளிவாக விழவில்லை. கூடு மட்டும் அப்படியே இருந்தது.